குழந்தைகளிடம் எச்.ஐ.வி. சிகிச்சை தோற்கும் இடங்கள்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

ஆசிரியர்களும் விடுதிக் காப்பாளர்களும், எச்.ஐ.வி. சோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையங்களின் ஆலோசகர்களும் சேர்ந்து அமர்ந்திருக்கும் அவை இது. எச்.ஐ.வி.யுடன் வாழும் குழந்தைக்குக் கூட்டு மருந்துச் சிகிச்சை பலிக்காமல் போகும்போது, "மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டாயா?" என்றுதான் முதலில் கேட்கிறோம். அதைக் கேட்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் பெரியவர்களாகிய நாம் பதில் சொல்ல வேண்டிய கேள்விகள் அதற்கு முன்னால் பல இருக்கின்றன.

ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் ஆயிரத்துக்கு மேல் வைரஸ் பிரதிகள் இருந்து, மூன்று மாதம் ஆலோசனையும் துணையும் தந்து மறுபடி சோதித்தபோதும் அந்த அளவு குறையாவிட்டால், மருந்து பலனளிக்கவில்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் நெறிமுறை கொள்கிறது. பல குழந்தைகளுக்கு இதற்கான விதை பிறந்த சில வாரங்களிலேயே விழுந்துவிடுகிறது. தாயின் எதிர்ப்பொருள்கள் குழந்தையின் இரத்தத்தில் 18 மாதம் வரை தங்கக்கூடும் என்பதால், எதிர்ப்பொருள்களைத் தேடும் வழக்கமான சோதனையைக் கொண்டு தொற்றை உறுதி செய்ய முடியாது. ஆறாம் வாரத்தில் வைரஸின் மரபணுவையே தேடும் சோதனை தேவை. அது தாமதமானால் சிகிச்சையும் தாமதமாகும். தாமதிக்காமல் உடனே சிகிச்சை தொடங்கப்பட்ட பச்சிளங்குழந்தைகளிடையே இறப்பு 76 சதவீதம் குறைந்ததைத் தென்னாப்பிரிக்க ஆய்வொன்று 2008-இல் காட்டியது.

அடுத்தது மருந்து. பிரசவ நேரத்தில் தாய்க்கு ஒரு வேளையும் பிறந்த குழந்தைக்கு ஒரு வேளையும் நெவிரபின் என்ற எச்.ஐ.வி. மருந்தைக் கொடுத்தால் தொற்று வெகுவாகக் குறையும் என்று 1999-இல் உகாண்டாவில் நடந்த ஆய்வு நிறுவியது. அந்த முறை எண்ணற்ற குழந்தைகளைக் காப்பாற்றியது. ஆனால் அதையும் மீறித் தொற்று பெற்ற குழந்தைகள் பலரின் உடலில், நெவிரபினுக்கு அடங்காத வைரஸ் அப்போதே உருவாகியிருந்தது. பின்னர் சிகிச்சை என்று அதே மருந்தைக் கொடுத்தபோது அது எப்படி வேலை செய்யும்? மாற்றாக வந்த லோபினவிர் சிரப்பில் 42 சதவீதம் ஆல்கஹால் இருந்தது. சர்க்கரை கலந்தாலும் மறையாத கசப்பு வேறு. குழந்தை வாயில் வைத்ததும் துப்பினால் அதை அடம் என்று சொல்வது நியாயமாகாது.

குழந்தையின் எடை கூடக்கூட மருந்தின் அளவும் கூட வேண்டும் என்பது எளிய உண்மை; நெரிசலான மையங்களில் எளிதில் தவறிப் போவதும் இதுவே. பழைய அளவே தொடர்ந்தால், இரத்தத்தில் மருந்து வைரஸை அடக்கப் போதாது. பெருகும்போதெல்லாம் பிழையோடு தன்னைப் படியெடுக்கும் வைரஸ், மருந்துக்குத் தப்பும் பிழையைக் கண்டடையத் தேவையான அவகாசம் அந்தக் குறை அளவில்தான் கிடைக்கிறது. காசநோய்க்கான ரிஃபாம்பிசின் சேர்ந்தால் டொலுடெக்ராவிர் போன்ற எச்.ஐ.வி. மருந்தின் அளவு இரத்தத்தில் மேலும் குறையும்; அப்போது அதை நாளுக்கு இருமுறை தர வேண்டும். டொலுடெக்ராவிர் அமெரிக்காவில் 2013-இலேயே அனுமதி பெற்றது. கைக்குழந்தைகளுக்கென்று தண்ணீரில் கரையும் மாத்திரை அனுமதி பெற்றதோ 2020-இல். அந்த ஏழாண்டுத் தாமதத்துக்கு எந்தக் குழந்தையும் பொறுப்பல்ல. ஆப்பிரிக்கா, தாய்லாந்து, ஐரோப்பா ஆகிய இடங்களில் குழந்தைகளிடமும் வளரிளம் பருவத்தினரிடமும் நடந்த ஒடிசி ஆய்வில், 96 வாரங்களுக்குள் சிகிச்சை தோற்றவர்கள் டொலுடெக்ராவிர் பெற்றவர்களில் 14 சதவீதம். மற்ற மருந்துகளைப் பெற்றவர்களில் 22 சதவீதம்.

இப்போது வளரிளம் பருவத்துக்கு வருகிறேன். நல்ல மருந்து கையில் இருந்தும் சிகிச்சை தோற்பது இங்கேதான் அதிகம். பெற்றோர் இருவரையும் இழந்து பாட்டியிடம் வளரும் பிள்ளைக்கு, "இது சத்து மாத்திரை, சாப்பிடு" என்றே ஆண்டுக்கணக்கில் சொல்லப்படுகிறது. ஊர் என்ன பேசுமோ என்ற அச்சத்தில் பாட்டி அப்படிச் சொல்வது எனக்குப் புரிகிறது. ஆனால் பன்னிரண்டு வயதில், "எனக்குத்தான் ஒன்றுமில்லையே, பிறகு எதற்கு மாத்திரை?" என்று அந்தப் பிள்ளை கேட்டால், பாட்டியிடம் பதில் இருக்காது. ஆறு முதல் பன்னிரண்டு வயதுக்குள், புரிந்துகொள்ளும் அளவுக்கேற்பப் படிப்படியாக உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பெயர் தெரியாத நோய்க்கு வாழ்நாள் முழுவதும் மருந்து சாப்பிடும்படி எந்தப் பிள்ளையிடமும் எதிர்பார்க்க முடியாது.

உண்மை தெரிந்த பிள்ளைக்கும் விடுதி அறையில் மாத்திரை டப்பாவைத் திறப்பது கடினம். காப்பாளர்களே, எதற்கு மாத்திரை என்று பலர் முன்னால் விசாரிக்காதீர்கள். தனியாகத் தண்ணீர் குடிக்க ஓர் இடமும், மருந்து வாங்கப் போகும் நாளன்று கேள்வியில்லாத விடுப்பும் கொடுத்தாலே போதும். தொற்றைக் காரணம் காட்டிப் பள்ளியில் இடம் மறுப்பதை 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் தடை செய்கிறது. போதிய முதிர்ச்சியுள்ள பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட அக்காவோ அண்ணனோ தம்பி தங்கையின் சிகிச்சைக்கும் பள்ளிச் சேர்க்கைக்கும் பாதுகாவலராகக் கையெழுத்திடவும் அதே சட்டம் வழிசெய்கிறது; இது தெரியாமல் பெரியவர் துணையில்லாத பிள்ளைகளை யாரும் திருப்பியனுப்பிவிடக் கூடாது.

ஜிம்பாப்வேயின் ஸ்வாண்டிரி திட்டத்தில், எச்.ஐ.வி.யுடன் வாழும் 18 முதல் 24 வயதுள்ள இளைஞர்களே பயிற்சி பெற்று, பதின்பருவத்தினரின் வீடுகளுக்குச் சென்று துணையிருந்தார்கள். 96 வாரங்களுக்குப் பின், வைரஸ் கட்டுக்குள் வராதவர்களும் இறந்தவர்களும் அத்துணை பெற்றோரில் 25 சதவீதம். பெறாதோரில் 36 சதவீதம். மருந்துகள் இருபுறமும் ஏறக்குறைய ஒன்றே. நம் ஆலோசகர்களிடம் நான் கேட்பதும் இந்த வழியில்தான்: ஒரு பிள்ளை குழந்தைகள் பிரிவிலிருந்து பெரியவர்கள் பிரிவுக்கு மாறும் நாளில், பழகிய ஒருவர் உடன் சென்று புதிய மருத்துவரிடம் அறிமுகம் செய்து வைக்க வேண்டும், அடுத்த சந்திப்புக்கு வராவிட்டால் அந்த வாரமே தேடிச் செல்ல வேண்டும்.

நன்றி, வணக்கம்.