வளையத்தின் கீழே ஜாங் ஸியூ

நேயர்களுக்கு வணக்கம்.

2024 ஜூன் மாதக் கடைசியில் உங்களில் பலருடைய கைப்பேசிக்கும் அந்த வீடியோ வந்திருக்கும். ஒரு சீனப் பெண் கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே நிற்கிறார். சுற்றி நிற்கும் எதிரணிப் பெண்களின் தலை அவருடைய தோளைக்கூட எட்டவில்லை. பந்து உயரமாக வருகிறது. அவர் குதிக்கவில்லை. தலைக்கு மேலேயே பிடிக்கிறார், அப்படியே திரும்புகிறார், வளையத்துக்குள் போட்டுவிடுகிறார். தடுக்க வந்தவர்கள் கையைத் தூக்கிக்கொண்டு எவ்வளவு குதித்தாலும் பந்துக்குப் பக்கத்தில்கூடப் போக முடியவில்லை. பார்த்தவர்களில் பாதிப் பேர் வாயைப் பிளந்தார்கள். மீதிப் பேர், "இதென்ன அழுகுணி ஆட்டம்" என்றார்கள்.

அந்தப் பெண்ணின் பெயர் ஜாங் ஸியூ. சீன வழக்கப்படி ஜாங் என்பது குடும்பப் பெயர். 2007 மே மாதம் பிறந்தவர். ஷான்டோங் மாகாணத்துக்காரர். உயரம் 2.20 மீட்டர் என்று அந்தப் போட்டியின்போது சொன்னார்கள், அதாவது ஏழடி மூன்றங்குலம். கூடைப்பந்து வளையம் தரையிலிருந்து பத்தடி உயரத்தில் இருக்கிறது. இவர் கையை முழுக்க நீட்டினால் அதற்கும் வளையத்துக்கும் பெரிய இடைவெளி இருக்காது.

உயரம் வீட்டிலிருந்தே வந்தது. அம்மா யூ யிங் சீன தேசிய அணிக்கு ஆடியவர். அப்பாவும் கூடைப்பந்து ஆடியவர். இருவருமே ஆறடியைத் தாண்டியவர்கள். ஒன்றாம் வகுப்பில் படிக்கும்போதே மகள் ஐந்தேகால் அடி இருந்தார் என்று சீனப் பத்திரிகைகள் எழுதின. கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருந்தாலும், வகுப்பு போட்டோவில் டீச்சரைவிட உயரமாக நின்ற பிள்ளை என்பதில் சந்தேகமில்லை.

இங்கே ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். நான் பள்ளிப் பெண்பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்குகிறவள். ஐந்தடி எட்டு அங்குலத்தைத் தாண்டிய பெண் ஒருத்தி கோர்ட்டுக்கு வந்தால், முதல் வேலை பந்தைக் கையில் கொடுப்பது இல்லை, அவளை நிமிர்ந்து நிற்க வைப்பதுதான். தோளை முன்னால் தள்ளி, முதுகை வளைத்து, கூட்டத்தோடு கூட்டமாகத் தன்னைக் குறுக்கிக்கொண்டு வருவாள். "இவளுக்கு எங்கேயிருந்து மாப்பிள்ளை தேடுவது" என்று வீட்டுக்கு வருகிற போகிற அத்தைகளெல்லாம் கேட்டுக் கேட்டு வந்த கூன் அது. யாழ்ப்பாணத்தின் தர்ஜினி சிவலிங்கம் ஆறடி பத்தங்குலம். அந்த உயரத்தோடு வலைப்பந்தாட்டத்தில் (நெட்பால்) இலங்கை அணிக்குக் கோல் போடும் இடத்தில் நிமிர்ந்து நின்றார். 2018இல் இலங்கை ஆசிய சாம்பியன் ஆனபோது அந்த அணியில் அவர் இருந்தார். ஜாங் ஸியூவுக்கு வாய்த்த நல்ல விஷயம், உயரத்தைக் குறையாக நினைக்காத ஒரு வீட்டில் பிறந்தது. அவர் வீடியோவில் நிற்பதைப் பாருங்கள். கூன் கிடையாது.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். அந்த வீடியோ, சீனாவின் ஷென்ஜென் நகரில் நடந்த 18 வயதுக்குட்பட்ட பெண்களுக்கான ஆசியக் கோப்பையில் எடுத்தது. முதல் ஆட்டம் இந்தோனேசியாவுடன். ஜாங் ஸியூ உள்ளே இருந்தது 13 நிமிடம். எடுத்த புள்ளி 19. வளையத்தை நோக்கி ஒன்பது தடவை போட்டார், ஒன்பதும் உள்ளே விழுந்தது. உலகம் முழுக்கப் பரவியது இந்த ஆட்டம்தான்.

ஆனால் நாம் பேச வேண்டியது அதே போட்டியின் இறுதி ஆட்டத்தை. எதிரில் ஆஸ்திரேலியா. ஜாங் ஸியூ அன்று 42 புள்ளி எடுத்தார். எந்த வயதுப் பிரிவிலும் இறுதிப் போட்டியில் 42 என்பது பெரிய எண். ஆனாலும் சீனா தோற்றது, 96க்கு 79. கணக்குப் போட்டுப் பாருங்கள். 79இல் 42 ஒருவருடையது. மற்ற அத்தனை பேரும் சேர்ந்து 37. ஆஸ்திரேலியாவுக்கு அவரைத் தடுக்க முடியவில்லை. தடுக்காமலே ஜெயித்தார்கள். என்னைக் கேட்டால், அந்த வீடியோவை அனுப்பினவர்கள் கூடவே இந்தக் கணக்கையும் அனுப்பியிருக்க வேண்டும்.

எப்படி ஜெயித்தார்கள் என்று சொல்வதற்கு முன்னால் ஐம்பது வருடம் பின்னால் போக வேண்டும். அப்போது சோவியத் யூனியனில் இருந்த லாட்வியாவில் உல்யானா செம்யோனோவா என்று ஒருவர். ஏறக்குறைய ஏழடி. ரீகா நகரின் டிடிடி கிளப்புக்கும் சோவியத் அணிக்கும் ஆடினார். ஒலிம்பிக்கில் பெண்கள் கூடைப்பந்து முதன்முதலில் வந்தது 1976, மாண்ட்ரியாலில். அங்கே சோவியத் அணி அமெரிக்காவை 112க்கு 77 என்று தூக்கி எறிந்தது. செம்யோனோவா மட்டும் 32 புள்ளி. 1976லும் 1980லும் தங்கம். சோவியத் அணிக்காக ஆடிய அதிகாரபூர்வ சர்வதேசப் போட்டிகளில் அவர் ஒன்றில்கூடத் தோற்றதில்லை. அமெரிக்காவில் உள்ள நெய்ஸ்மித் கூடைப்பந்துப் புகழ் மன்றத்தில் இடம் பெற்ற முதல் வெளிநாட்டுப் பெண் அவர்தான், 1993இல்.

அப்படியானால் அவரைவிடவும் உயரமான ஜாங் ஸியூ ஏன் தோற்கிறார்?

செம்யோனோவா அந்த இரண்டு தங்கத்தையும் வென்ற காலத்தில் சர்வதேச ஆட்டத்தில் மூன்று புள்ளிக் கோடு கிடையாது. எங்கிருந்து போட்டாலும் இரண்டுதான். அப்புறம் எதற்குத் தூரத்திலிருந்து போட வேண்டும்? எல்லாரும் வளையத்துக்குப் பக்கத்தில்தான் மோதினார்கள். அங்கே ஏழடி உயரக்காரர் ஒருவர் இருந்துவிட்டால் கதை முடிந்தது. கோடு வந்தது 1984இல். 2010இல் அது இன்னும் வெளியே தள்ளி 6.75 மீட்டருக்குப் போனது. அதோடு ஓர் அணி பந்தை வைத்துக்கொள்ளக்கூடிய நேரம் முன்பு 30 விநாடி, 2000த்திலிருந்து 24 விநாடி. ஒரே கோர்ட்டுதான், ஆனால் ஆட்டம் அகலமாகவும் வேகமாகவும் ஆகிவிட்டது.

இதன் விளைவை ஒரே ஒரு காட்சியில் சொல்கிறேன். எதிரணியின் குட்டையான கார்ட், அதாவது பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துகிறவள், பந்தைத் தட்டிக்கொண்டு வருகிறாள். அவளுடைய கூட்டாளி ஒருத்தி ஓடிவந்து, அந்தக் கார்டைக் காவல் காக்கிற சீனப் பெண்ணின் வழியில் அசையாமல் நிற்கிறாள். காவலாளி அவள்மேல் இடித்து நின்றுவிட்டாள். இப்போது பந்து வைத்திருப்பவளுக்கு முன்னால் இருப்பது ஜாங் ஸியூ மட்டும்தான். அவர் என்ன செய்வார்? வெளியே வந்து மறித்தால், அந்தச் சின்னப் பெண் ஒரே பாய்ச்சலில் பக்கவாட்டில் போய்விடுவாள். ஏழடி உடம்பு திரும்புவதற்குள் பந்து வளையத்தில். வளையத்துக்குக் கீழேயே இருந்துவிட்டால், அவள் கோட்டுக்கு வெளியே நின்று நிதானமாக மூன்று புள்ளி போடுவாள். இரண்டில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் நஷ்டம். இதையே மாற்றி மாற்றி ஆட்டம் முழுக்கச் செய்வார்கள். இங்கே இவர் இரண்டு இரண்டாகச் சேர்க்கிறார், அங்கே அவர்கள் மூன்று மூன்றாக எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

இந்த ஆட்டத்தில் கைதேர்ந்தவர்கள் ஜப்பான்காரர்கள். பெரிய அணிகளில் குட்டையான அணி அவர்களுடையது. ஓட்டமும் மூன்று புள்ளியுமாக ஆடித்தான் 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கினார்கள். 2025 ஜூலையில், மறுபடியும் ஷென்ஜென் நகரில், பெரியவர்களுக்கான ஆசியக் கோப்பை. 18 வயதில் ஜாங் ஸியூ சீன சீனியர் அணிக்காக ஆடிய முதல் பெரிய போட்டி இதுதான். சீனா நடப்புச் சாம்பியன். முந்தைய கோப்பையை 2023இல் சிட்னியில் ஜப்பானிடம் 73க்கு 71 என்று மயிரிழையில் வென்றிருந்தார்கள். இந்த முறை அரையிறுதியில் அதே ஜப்பான், சீனாவின் சொந்த மண்ணிலேயே 90க்கு 81 என்று பழி தீர்த்தது. பிறகு கொரியாவை 101க்கு 66 என்று வென்று சீனா மூன்றாமிடம் வந்தது. கோப்பை ஆஸ்திரேலியாவுக்குப் போனது.

அந்தப் போட்டியில் பயிற்சியாளர் ஜாங் ஸியூவைத் தொடக்கத்திலேயே இறக்கி நாற்பது நிமிடமும் ஆட வைக்கவில்லை. பெஞ்சிலிருந்து எடுத்து, சில நிமிடம் விட்டு, புள்ளி சேர்ந்ததும் திரும்ப உட்கார வைத்தார். "இவ்வளவு பெரிய ஆயுதத்தை வைத்துக்கொண்டு ஏன் உட்கார வைக்கிறார்கள்" என்று பார்க்கிறவர்களுக்குக் கோபம் வரும். எனக்கு அது சரியான முடிவாகவே பட்டது. அவரைத் தேடி எதிரணி அந்த மறிப்பு ஆட்டத்தைத் தொடங்குவதற்குள் வேலையை முடித்துக்கொண்டு வெளியே எடுத்துவிடுவது ஒரு தந்திரம். அதைவிட முக்கியமான காரணம் கால்.

யாவோ மிங்கை உங்களுக்கு நினைவிருக்கும். ஏழரை அடி. அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ 2002இல் நடத்திய புதிய வீரர் தேர்வில் முதல் ஆளாக ஹூஸ்டன் அணிக்குப் போனவர். பாதத்தின் எலும்பில் திரும்பத் திரும்ப விரிசல். 2011இல் முப்பது வயதில் ஆட்டத்தை விட்டார். அவ்வளவு பெரிய உடம்பை ஒவ்வொரு தாவலிலும் தாங்குவது அந்தச் சின்னச் சின்ன எலும்புகள்தான். சீனாவில் இந்தப் பெண்ணை வளர்க்கிறவர்கள் யாருக்கும் யாவோவின் பாதம் மறந்திருக்காது. மறந்திருக்கக் கூடாது.

இன்னொரு பக்கமும் உண்டு. உயரமான சென்டர், அதாவது வளையத்துக்குப் பக்கத்தில் ஆடுகிறவர், தானாகப் புள்ளி எடுப்பதில்லை, யாராவது பந்தைக் கொடுக்க வேண்டும். கேட்க எளிதாக இருக்கும். வளையத்துக்குக் கீழே உள்ள வண்ணப் பகுதியில், தன் அணியின் தாக்குதலின்போது மூன்று விநாடிக்கு மேல் யாரும் நிற்கக் கூடாது. ஆகவே அவர் உள்ளே போய், முதுகால் எதிராளியை அடைத்து இடம்பிடித்து, கையைத் தூக்கிக் காட்டுகிற அந்த இரண்டு விநாடிக்குள் பந்து வந்து சேர வேண்டும். எதிரணிக்காரி ஒருத்தி அவருக்கு முன்னாலேயே வந்து நின்று மறைப்பாள், இன்னொருத்தி பின்னால். பந்து முன்னால் நிற்பவளின் விரல் நுனியைத் தாண்ட வேண்டும், அதே சமயம் வளையம் மாட்டிய பலகைக்குப் பின்னால் போய்விடவும் கூடாது. தாழ்வாகப் போட்டால் அவருடைய உயரத்துக்கே அர்த்தமில்லை. அவர் குனிந்து பந்தை எடுக்கும்போது இடுப்பளவில் பத்துக் கைகள் காத்துக்கொண்டிருக்கும். பழகிய கார்டுக்குத்தான் இந்த உயரப் பாஸ் கைவரும். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கும்போது தூக்கிப் போடு, தூக்கிப் போடு என்று என் தொண்டை வற்றும். அவர்கள் நெஞ்சுக்கு நேராகத்தான் போடுவார்கள்.

அதனால் அந்த வீடியோவில் எனக்குப் பிடித்த இடம் ஜாங் ஸியூவின் கை இல்லை. திரையில் தெரியாமல் வெளியே நின்று அந்தப் பந்தை அனுப்பிய பெண். அவள் யாரென்று யாரும் கேட்கவில்லை.

ஜாங் ஸியூவிடம் என்ன இருக்கிறது என்றும் சொல்ல வேண்டும். கை மிருதுவானது. பந்தைத் திணிப்பதில்லை, விரல் நுனியால் பலகையில் பட வைத்து விழச் செய்கிறார். இரண்டு மூன்று பேர் மேலே விழுந்து இழுத்தாலும் முகம் மாறுவதில்லை. சீனாவுக்கு இதற்கு முன்னும் ஒரு பெரிய சென்டர் இருந்தார், ஜெங் ஹைஷியா, ஆறடி எட்டங்குலம். 1992 ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற அணியில் ஆடினார். 1994இல் ஆஸ்திரேலியாவில் நடந்த உலகப் போட்டியில் சீனா இரண்டாமிடம், சிறந்த வீராங்கனை விருது ஹைஷியாவுக்கு. அப்போது அவருக்கு வயது 27. செம்யோனோவா மாண்ட்ரியாலில் ஆடியபோது 24. இந்த உடம்புகள் முற்றி, காலும் கண்ணும் ஒன்றாக வேலை செய்யத் தொடங்குவதற்குக் காலம் பிடிக்கும். 2028இல் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக் வரும்போது ஜாங் ஸியூவுக்கு 21தான் ஆகியிருக்கும்.

அடுத்த தடவை இவர் ஆடுவதைப் பார்க்கக் கிடைத்தால், சீனா பந்தைப் போட்டு முடித்தவுடன் திரையை விட்டுக் கண்ணை எடுத்துவிடாதீர்கள். கேமரா பந்தோடு மறுபக்கம் ஓடும். அவர் அங்கே வந்து சேரும்போது எதிரணி ஏற்கெனவே பந்தைப் போட்டுவிட்டதா, இல்லையா? 2024இல் பெரும்பாலும் பிந்தித்தான் வந்தார். 2025இல் கொஞ்சம் முந்தினார். அதை மட்டும் பாருங்கள், அவர் எவ்வளவு வளர்ந்திருக்கிறார் என்பது தெரிந்துவிடும்.

வணக்கம்.