இரவுப் பணியில் ஒரே ஒரு செவிலியர்

(செவிலியர் நாள் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, செவிலியர் பயிற்சிப் பள்ளியின் ஆசிரியர்களே, மாணவிகளே, இந்த ஊரின் பெரியோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சேவை, தியாகம் என்று எங்களைப் பாராட்டும் சொற்களை மேடைகளில் நிறையவே கேட்டுவிட்டோம். இன்று நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவு எட்டு மணிக்குமேல் நடக்கும் வேலையைப் பற்றி மட்டும் பேச வந்திருக்கிறேன். என் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பிரசவம் பார்க்கும் எந்த நிலையத்திலும் இரவில் ஒரு செவிலியர் தனியாக இருக்கக் கூடாது.

சமவெளியில் 30,000 பேருக்கும் மலைப்பகுதியில் 20,000 பேருக்கும் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது இந்த நாட்டின் கணக்கு. தமிழ்நாட்டில் நிலையத்துக்கு மூன்று ஸ்டாஃப் நர்சுகளை நியமித்து, 24 மணி நேரமும் பிரசவம் பார்க்கும் ஏற்பாடு வந்த பிறகுதான், ராத்திரியில் வலி வந்தால் எங்கே போவது என்ற கவலை கிராமங்களில் குறைந்தது. 2019-21ஆம் ஆண்டின் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இம்மாநிலத்தில் 99.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவ நிலையங்களில் நடக்கின்றன. இந்த எண்ணை நாம் பெருமையோடு சொல்கிறோம், சொல்லவும் வேண்டும். ஆனால் மூன்று பேரை மூன்று வேளைக்குப் பிரித்தால் வேளைக்கு ஒருவர்தான் மிஞ்சுவார் என்பதையும், அவர்களில் ஒருவர் விடுப்பில் போனால் மற்ற இருவரும் அந்த இரவுகளைச் சேர்த்துச் சுமக்கிறார்கள் என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும்.

இரவு என்பது வேலை குறைந்த நேரம் என்று பலர் நினைக்கிறார்கள். இங்கிலாந்தில் 2005 முதல் 2014 வரை பிறந்த ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் பிறந்த நேரத்தை ஆராய்ந்தபோது, தானாக வலி கண்டு இயல்பாக நடக்கும் பிரசவங்கள் நள்ளிரவுக்கும் காலை ஆறு மணிக்கும் இடையில்தான் அதிகம் என்றும், விடியற்காலை நான்கு மணியளவில் உச்சத்தைத் தொடுகின்றன என்றும் தெரிந்தது. நைட் டியூட்டி பார்த்த எவருக்கும் இது புதுச் செய்தி இல்லை. உடம்பு தூக்கத்துக்குக் கெஞ்சும் அதே நேரத்தில்தான் எங்கள் கவனம் மிகக் கூர்மையாக இருந்தாக வேண்டும்.

முந்தைய வேளைச் செவிலியரிடமிருந்து பொறுப்பை ஏற்கும்போதே, அதாவது ஓவர் எடுக்கும்போதே, இரவுக்கான வேலை தொடங்கிவிடும். கருப்பையைச் சுருங்கவைத்து உதிரப்போக்கைத் தடுக்கும் ஆக்சிடோசின் ஊசி மருந்து குளிர்பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கிறதா, பகலில் மின்சாரம் போயிருந்ததா, மூச்சுக் காற்றைக் கையால் அழுத்திக் கொடுக்கும் ஆம்பு பேக்கில் பச்சிளம் குழந்தைக்கான சிறிய முகமூடி பொருத்தப்பட்டிருக்கிறதா, ஆக்சிஜன் சிலிண்டரில் எவ்வளவு மிச்சம் என்று ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்துத்தான் ஏற்க வேண்டும். வெப்பத்தில் கிடந்த ஆக்சிடோசின் பார்வைக்கு மாறாது. வீரியம் மட்டும் போயிருக்கும்.

பகலில் ஊர் ஊராகச் சுற்றிய கிராம சுகாதார செவிலியருக்கும் மாலையோடு வேலை முடிவதில்லை. ஏறத்தாழ 5,000 பேருக்கு ஒருவர். அத்தனை கர்ப்பிணிகளிடமும் அவருடைய கைபேசி எண் இருக்கிறது. இரவு பத்து மணிக்கு, "நர்சம்மா, பனிக்குடம் உடைஞ்ச மாதிரி இருக்கு" என்று அழைப்பு வரும். "தண்ணி என்ன நிறத்துல இருக்கு, குழந்தை துடிப்பு தெரியுதா?" என்று அவர் கேட்கும் கேள்விகளில் பெரிய மருத்துவ அறிவு இருக்கிறது. நீர் பச்சையாக இருந்தால் குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது என்று பொருள். அந்தப் பெண்ணை எங்களிடம் அனுப்பாமல், 108ஐ வரவழைத்து நேராக, அவசரப் பிரசவ, பச்சிளம் குழந்தை சிகிச்சைக்கான சீமாங்க் மையத்துக்கு அனுப்பிவிடுவார்.

எங்களிடம் வந்து சேர்ந்தவர்களுக்குப் பிரசவம் முன்னேறும் வேகத்தைக் காட்டும் பார்ட்டோகிராஃப் என்ற வரைபடத் தாளில் கருப்பை வாயின் விரிவைக் குறித்துக்கொண்டே வருவோம். அப்படி வரும் கோடு, தாளில் அச்சிட்ட எச்சரிக்கைக் கோட்டைத் தாண்டி வலப்பக்கம் போனால் பெரிய மருத்துவமனைக்கு ரெஃபர் செய்ய வேண்டும். தாளில் இது எளிது. இரண்டு மணி இரவில், "இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கலாமே சிஸ்டர், மூத்தவளும் இங்கதானே பெத்தா" என்று மாமியார் கையைப் பிடித்துக்கொள்ளும்போது எளிதாக இருக்காது. சீக்கிரம் அனுப்பினால் பொறுப்பைத் தட்டிக்கழித்தாள் என்பார்கள். தாமதித்தால் கொன்றுவிட்டாள் என்பார்கள். மருத்துவரோடு தொலைபேசியில் கலந்து பேசலாம் என்றாலும், வயிற்றில் கைவைத்துப் பார்ப்பவர் செவிலியர்தான். பக்கத்தில் இன்னொரு செவிலியர் இருந்தால், "நீங்களும் ஒருமுறை பாருங்கள் அக்கா" என்று கேட்க முடியும். அந்த ஒரு வாக்கியத்தின் மதிப்பு எனக்குத் தெரியும்.

மாணவிகள் இப்போது சொல்வதைக் கூர்ந்து கேளுங்கள். குழந்தை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் தாய்க்கு 10 யூனிட் ஆக்சிடோசினைத் தசையில் போட வேண்டும். அதே ஒரு நிமிடத்துக்குள், அழாத குழந்தையைத் துடைத்து, தூண்டி, மூச்சு வரவில்லையென்றால் சூடு தரும் வார்மர் படுக்கையில் கிடத்தி ஆம்பு பேக்கால் காற்று கொடுக்கத் தொடங்க வேண்டும். தாய்க்கு 500 மில்லிக்கு மேல் ரத்தம் போனால் அது ஆபத்து. கருப்பையைத் தேய்த்துவிட வேண்டும், நரம்பில் நீர் ஏற்ற வேண்டும், ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்சாமிக் அமிலம் போட வேண்டும், 108ஐ அழைக்க வேண்டும். தடுக்காவிட்டால் இரண்டு மணி நேரத்தில் உயிரைக் கொண்டுபோகக் கூடிய உதிரப்போக்கு அது. குழந்தையும் மூச்சுவிடவில்லை, தாய்க்கும் ரத்தம் நிற்கவில்லை என்றால் அந்தத் தனிச் செவிலியர் எந்தப் பக்கம் திரும்புவார்? உடனிருக்கும் மருத்துவமனைப் பணியாளர் எவ்வளவு அன்பானவராக இருந்தாலும், அவருக்கு இந்தப் பயிற்சி கொடுக்கப்படவில்லை.

ஊதியத்தைப் பற்றி அதிகம் பேசப்போவதில்லை. 2015இல் ஒப்பந்த முறையில் எடுக்கப்பட்ட செவிலியர்களுக்கு மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம் என்பதையும், 2017இல் அவர்கள் சென்னையில் ஆயிரக்கணக்கில் திரண்டு போராடியதையும் நீங்கள் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். இரவுச் சுழற்சிப் பணி புற்றுநோய்க்குக் காரணமாக இருக்க வாய்ப்புண்டு என்று 2007இலேயே உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருப்பதும் உண்மை. அவற்றுக்கெல்லாம் தனிக் கூட்டங்கள் வேண்டும்.

இந்தக் கோரிக்கைக்குச் சொல்லப்படும் மறுப்பு ஒன்றுதான்: பல நிலையங்களில் மாதத்துக்கு ஒன்றிரண்டு பிரசவம்தான் நடக்கிறது, அதற்கு எதற்கு இரண்டு பேர் என்கிறார்கள். எண்ணிக்கை குறைந்த இடத்தில் கைப்பழக்கமும் குறையும். துணை அங்கேதான் கூடுதலாக வேண்டும். மேலும் ஒரு பிரசவம் என்றால் இரண்டு நோயாளிகள். எல்லா இடத்திலும் இருவரை நியமிக்க நிதி இல்லையென்றால், அருகருகே உள்ள நிலையங்களில் ஒன்றைத் தேர்ந்து, இரவுப் பிரசவத்தை அங்கே மட்டும் இரு செவிலியர்களோடு நடத்தட்டும். மற்ற ஊர்களிலிருந்து அங்கே போக வண்டி நிற்கட்டும்.

ஆகஸ்ட் 15 அன்று கிராம சபை கூடுகிறது. இங்கே வந்திருக்கும் ஊராட்சி உறுப்பினர்களிடம் ஒரு தீர்மான வரைவைக் கொடுத்திருக்கிறேன். நிலையத்தின் இரவுப் பணிப் பட்டியலில் எத்தனை பெயர் இருக்கிறது என்று கேட்டு எழுதிக்கொண்டு, அந்த எண்ணிக்கையோடு தீர்மானத்தை நிறைவேற்றி மாவட்ட சுகாதார அலுவலருக்கு அனுப்புங்கள். வரைவில் ஏதேனும் விளங்காவிட்டால் கூட்டம் முடிந்ததும் கேளுங்கள். நான் இங்கேதான் இருப்பேன். நன்றி, வணக்கம்.