தலைசுற்றலுக்குப் படுத்துக்கொள்வது மருந்தல்ல

எல்லோருக்கும் வணக்கம். உங்கள் கையில் இருக்கும் அழைப்பிதழை முகத்துக்கு நேரே பிடியுங்கள். தலையை அசைக்காமல் அழைப்பிதழை மட்டும் இடமும் வலமுமாக வேகமாக ஆட்டுங்கள். படிக்க முடிகிறதா? எழுத்தெல்லாம் கலங்கிவிடும். சரி, இப்போது அழைப்பிதழை அசையாமல் வைத்துக்கொண்டு அதே வேகத்தில் தலையை ஆட்டிப் பாருங்கள். எழுத்து நின்ற இடத்தில் நிற்கிறது, இல்லையா? போதும் ஐயா, கண்ணாடி கழன்று விழுகிற அளவுக்கு ஆட்ட வேண்டாம்.

தலை திரும்பியதும் உள்காது அந்தச் செய்தியை மூளைத்தண்டு வழியாகக் கண் தசைகளுக்கு அனுப்பிவிடுகிறது. தலை வலப்பக்கம் போனால் கண் அதே அளவு இடப்பக்கம் போகும். இதற்கு நொடியில் நூறில் ஒரு பங்கு நேரம்கூட ஆவதில்லை. நாம் நினைத்துச் செய்கிற வேலை இல்லை என்பதால் இப்படி ஒன்று நடப்பதே நமக்குத் தெரியாது, அது நின்றுபோகிற வரைக்கும்.

நின்றுபோனால் எப்படி இருக்கும் என்று 1952-ல் ஒரு மருத்துவரே எழுதியிருக்கிறார். ஜே.சி. என்ற முதலெழுத்துகளோடு அமெரிக்காவின் முக்கியமான மருத்துவ இதழில் அது வந்தது. முழங்கால் மூட்டில் காசநோய். அதற்குப் போட்ட ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி இரண்டு உள்காதுகளிலும் சமநிலை உறுப்பைக் கெடுத்துவிட்டது. கட்டிலில் படுத்துப் படிக்க வேண்டுமென்றால் தலைமாட்டுக் கம்பிகளுக்கு நடுவே தலையை இறுக்கி வைத்துக்கொள்வாராம். இல்லாவிட்டால் நாடித் துடிப்பில் தலை லேசாக அதிர்வதே எழுத்தைக் குதிக்க வைத்துவிடும். நம் ஊரிலும் காசநோய்க்குப் பல ஆண்டுகள் இதே ஊசியைத்தான் போட்டார்கள். இதே வகையைச் சேர்ந்த ஜென்டாமைசின் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. வேண்டிய இடத்தில் உயிர் காக்கிற மருந்துதான், குறை சொல்லவில்லை. ஆனால் ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போது நடை தள்ளாடினாலோ, நடக்கும்போது எதிரே இருப்பதெல்லாம் குதித்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

உள்காதில் என்ன இருக்கிறது? ஒவ்வொரு பக்கமும் மூன்று அரைவட்டக் குழாய்கள், ஒவ்வொன்றும் ஒரு திசை பார்த்து. உள்ளே திரவம். தலை திரும்பினால் குழாய் உடனே திரும்பும், திரவம் கொஞ்சம் பின்தங்கும். பின்தங்கிய திரவம் ஜெல்லி போன்ற ஒரு தடுப்பை வளைக்கும், அதில் புதைந்திருக்கும் நுண்மயிர்கள் நரம்புக்குச் செய்தி தரும். பக்கத்தில் இரண்டு சின்னப் பைகள். அங்கே ஜெல்லியின் மேல் சுண்ணாம்புத் துகள்கள் ஒட்டியிருக்கும். லிஃப்ட் இறங்குவதும் பஸ் பிரேக் போடுவதும் அந்தத் துகள்களின் கனத்தால்தான் நமக்குத் தெரிகிறது.

காது மட்டும் போதாது. கண்ணும் சொல்ல வேண்டும், பாதமும் மூட்டுகளும் கழுத்தும் சொல்ல வேண்டும். மூன்றையும் ஒத்துப் பார்ப்பது மூளையின் வேலை. சொல்வது ஒத்துப்போகாவிட்டால் வம்புதான். கொல்லிமலைச் சாலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பின் சீட்டில் போன் பார்த்துக்கொண்டு வருகிறவர் வாந்தி எடுக்கிறார். காது திரும்புகிறோம் என்கிறது, கண்ணோ ஒன்றும் அசையவில்லை என்கிறது. டிரைவருக்கு வாந்தி வருவதில்லை, ஏனென்றால் வண்டி எந்தப் பக்கம் திரும்பப் போகிறது என்று அவர் மூளைக்கு முன்பே தெரியும்.

அடிக்கடி நாங்கள் பார்க்கிற தொல்லைக்கு வருகிறேன். காலையில் படுக்கையில் புரண்டதும் வீடே சுழலும். பரணில் பாத்திரம் எடுக்க அண்ணாந்தால் சுழலும். அரை நிமிடம், மிஞ்சினால் ஒரு நிமிடம், அப்புறம் நின்றுவிடும். பயந்துபோய் ஈசிஜி எடுப்பார்கள், ஸ்கேன் எடுப்பார்கள். கழுத்து எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரிந்தால் பட்டையும் மாட்டிவிடுவார்கள். அறுபது தாண்டினால் முக்கால்வாசிப் பேருக்குக் கழுத்துத் தேய்மானம் இருக்கும், அதற்கும் இந்தச் சுழற்சிக்கும் பெரும்பாலும் சம்பந்தம் இல்லை. பையில் இருக்க வேண்டிய சுண்ணாம்புத் துகள் கழன்று குழாய்க்குள் விழுந்துவிட்டது, அவ்வளவுதான். தலை அசைந்தால் துகள் உருளும், திரவம் நகரும், அசையாத தலை சுழல்வதாகச் செய்தி போகும்.

அமெரிக்காவில் போர்ட்லாந்து நகரத்துக் காது மருத்துவர் ஜான் எப்லி, விழுந்த வழியாகவே அதை வெளியே உருட்டிவிடலாம் என்றார். பல ஆண்டுகள் சக மருத்துவர்கள் நம்பவில்லை. 1992-ல்தான் அவருடைய கட்டுரை அச்சில் வந்தது. வலது காது என்றால், தலையை 45 டிகிரி வலப்பக்கம் திருப்பி, தலை கட்டிலின் விளிம்புக்குக் கீழே சற்றுத் தொங்கும்படி சட்டென்று மல்லாக்கப் படுக்க வைப்போம். கண் துடிதுடித்துச் சுழல்வதைக் கூட இருப்பவர்களே பார்க்கலாம். அது அடங்கியதும் தலையை மெல்ல இடப்பக்கம் திருப்பி, மூக்கு தரையைப் பார்க்கிற மாதிரி உடம்போடு புரட்டி, உட்கார வைப்போம். சில நிமிட வேலை. பெரும்பாலோருக்கு ஒன்றிரண்டு தடவையிலேயே சரியாகிவிடும். எந்தக் காது, எந்தக் குழாய் என்று தெரியாமல் யூடியூப் பார்த்து நீங்களே முதல் தடவை செய்ய வேண்டாம்.

இன்னொரு வகை, ஒரு பக்கத்துச் சமநிலை நரம்பு அழற்சியால் திடீரென்று ஓய்ந்துபோவது. இரண்டு காதுகளும் சும்மா இருக்கும்போதும் சமமாகச் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும். ஒன்று அடங்கினால் மற்றது ஓங்குகிறது, மூளை அதைச் சுழற்சி என்று எடுத்துக்கொள்கிறது. நாள் கணக்கில் சுற்றும், வாந்தி நிற்காது. முதல் இரண்டு மூன்று நாள் மாத்திரை தேவைதான். அதற்குப் பிறகும் மாதக்கணக்கில் அதே மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்தே இருப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். சிறுமூளை புதிய கணக்கைக் கற்றுக்கொள்ளத் தயாராக இருக்கிறது. ஆனால் பிழையைப் பார்த்தால்தானே திருத்த முடியும்? தலை அசைய வேண்டும், கொஞ்சம் சுற்றவும் வேண்டும். சுவரில் ஓர் எழுத்தை ஒட்டி அதைப் பார்த்தபடி தலையை ஆட்டுவது, நடந்துகொண்டே இருபுறமும் பார்ப்பது, இவைதான் பயிற்சி. எழுதிக் கொடுத்தால் 'மாத்திரை இல்லையா டாக்டர்?' என்று கேட்பார்கள்.

காது அடைப்பு, இரைச்சல், செவி மந்தம் எல்லாம் சேர்ந்து மணிக்கணக்கில் சுற்றினால் அது மெனியர் நோயாக இருக்கலாம். அதற்கு வைத்தியம் வேறு. எழுந்து நிற்கும்போது மட்டும் கண் இருட்டினால் காதைவிட ரத்த அழுத்தத்தையும், அதற்குச் சாப்பிடுகிற மாத்திரைகளையும்தான் முதலில் பார்க்க வேண்டும். அதனால் டாக்டரிடம் போகுமுன் எவ்வளவு நேரம் சுற்றியது, என்ன செய்தபோது சுற்றியது, காது கேட்டதா என்று குறித்துக்கொண்டு போங்கள். பல ஸ்கேன்களைவிட அந்தத் துண்டுக் காகிதம் உதவும்.

சர்க்கரை நோயாளிகள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். பாதம் மரத்துப்போனவருக்கு ஒரு சாட்சி ஏற்கெனவே போய்விட்டது. முகத்தில் சோப்பு போட்டுக் கண்ணை மூடினால் இரண்டாவதும் போகிறது. குளியலறையில் ஒரு கைப்பிடி பொருத்துங்கள், ராத்திரி எழுந்து போகிற வழியில் விளக்கு எரியட்டும்.

கடைசியாக ஒன்று. சுற்றலோடு பேச்சுக் குழறினால், ஒன்று இரண்டாகத் தெரிந்தால், கை கால் விளங்காவிட்டால், பிடிமானம் இல்லாமல் நிற்கவே முடியாவிட்டால், இதுவரை வராத கடுமையான தலைவலி வந்தால், அது மூளையில் பக்கவாதமாக இருக்கக்கூடும். எலுமிச்சம்பழச் சாறு கொடுத்துப் பார்ப்போம் என்று உட்கார்ந்திருக்காமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். இனி உங்கள் கேள்விகளைக் கேட்கலாம்.