தொலைந்த துணிக்குழாயும் வேகமெடுத்த கடலும்

நேயர்களுக்கு வணக்கம்.

2018 ஜனவரியில், மேற்கு ஆஸ்திரேலியாவின் வெட்ஜ் ஐலண்ட் கடற்கரை மணலில் ஒரு பழைய பாட்டில் கிடைத்தது. உள்ளே சுருட்டி வைத்த தாள் ஒன்று இருந்தது. பாட்டிலுக்குள் தாள் என்றதும் கதைகளில் வரும் புதையல் வரைபடமோ காதல் கடிதமோ நினைவுக்கு வரும். இதில் இருந்தது ஓர் அரசாங்கப் படிவம். கப்பலின் பெயர் பவுலா, நாள் 1886 ஜூன் 12, பாட்டிலைப் போட்ட இடம் இன்னது என்று மையால் நிரப்பியிருந்தார்கள். கண்டெடுப்பவர் இடத்தையும் நாளையும் எழுதித் திருப்பி அனுப்ப வேண்டும் என்ற வேண்டுகோளும் இருந்தது. கடல் நீரோட்டங்கள் போகும் வழியை அறிய, ஜெர்மனியின் கடலாய்வுக் கூடம் 69 ஆண்டுகள் இப்படி ஆயிரக்கணக்கான பாட்டில்களைக் கடலில் போடச் செய்தது. திரும்பி வந்த தாள்கள் 662.

இந்தப் பாட்டில் சுமார் 132 ஆண்டுகள் கடலில் அலைந்தது என்று செய்தியைப் படித்த பலர் வியந்தார்கள். அப்படி இருக்க வாய்ப்பில்லை. ஆஸ்திரேலியக் கரையிலிருந்து சுமார் 950 கிலோமீட்டர் தொலைவில் போட்ட பாட்டில் அது. ஓராண்டுக்குள் கரை ஒதுங்கி, மிச்சக் காலத்தை மணலுக்குள் கழித்திருக்கும் என்றுதான் ஆய்வாளர்கள் கணித்தார்கள். பாட்டில் தாள்களை நம்பியவர்களுக்கு இதுவே தீராத தலைவலி. புறப்பட்ட இடமும் நாளும் தெரியும், கண்டெடுத்த இடமும் நாளும் தெரியும். நடுவில் எந்த வழியாகப் போனது, கரையில் எத்தனை நாள் யார் கண்ணிலும் படாமல் கிடந்தது என்பது தெரியாது. இரண்டு புள்ளிகளை வைத்துக்கொண்டு ஒரு கோடு போடலாம். அந்தக் கோட்டின் வழியாகத்தான் நீரோட்டம் போனது என்று சத்தியம் செய்ய முடியாது.

அறிவியலுக்காகப் போட்ட பாட்டில்கள் ஒருபுறம் இருக்க, யாரும் திட்டமிடாத ஒரு விபத்து நீரோட்ட ஆய்வுக்குப் பெரிய கொடையாக அமைந்தது. 1990 மே 27 அன்று வட பசிபிக்கில் புயலில் சிக்கிய ஹான்சா கேரியர் என்ற சரக்குக் கப்பலிலிருந்து 21 கண்டெய்னர்கள் கடலில் விழுந்தன. அவற்றுள் ஐந்தில் நைக்கி காலணிகள் இருந்தன. சுமார் 61,000 காலணிகள் நீரில் மிதக்கத் தொடங்கின. பல மாதங்களுக்குப் பிறகு அவை அமெரிக்காவின் வாஷிங்டன், ஓரிகன் கரைகளிலும் கனடாவின் மேற்குக் கரையிலும் ஒதுங்கின. ஜோடியாகக் கட்டப்படாதவை என்பதால் ஒருவருக்கு இடது கால் கிடைக்கும், அடுத்த ஊர்க்காரருக்கு வலது கால் கிடைக்கும். அளவு பார்த்து மாற்றிக்கொள்வதற்கென்றே மக்கள் கூடினார்கள். உப்பைக் கழுவிவிட்டால் நன்றாகவே உழைத்தனவாம்.

கடலியல் அறிஞர் கர்டிஸ் எப்ஸ்மேயருக்கு இந்தச் சங்கதியைச் சொன்னவர் செய்தித்தாளில் படித்த அவருடைய அம்மா. காலணிகளில் வரிசை எண் அச்சிடப்பட்டிருந்தது. அதைக் கொண்டு இந்தக் காலணி இந்தக் கப்பலின் சரக்குதான் என்று உறுதி செய்ய முடிந்தது. ஒரே இடத்தில், ஒரே நாளில் இத்தனை ஆயிரம் மிதவைகளைக் கடலில் கொட்டுகிறேன் என்று ஓர் ஆய்வாளர் விண்ணப்பித்திருந்தால் யார் பணம் கொடுத்திருப்பார்கள்? எப்ஸ்மேயரும் சக ஆய்வாளர் ஜேம்ஸ் இங்க்ரஹாமும் வட பசிபிக்கின் மேற்பரப்பு நகர்வைக் கணக்கிடும் கணினி மாதிரியை இந்தக் காலணிகளோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தார்கள். 1992 ஜனவரியில் இன்னொரு கப்பலிலிருந்து 28,800 குளியலறைப் பொம்மைகள் அதே பெருங்கடலில் விழுந்தன. அவற்றில் இருந்த மஞ்சள் வாத்துகளின் கதை உலகம் முழுக்கப் பரவியது. வாத்து அழகு, படம் எடுக்க ஏற்றது. எனக்கென்னவோ கற்றுக்கொள்ளக் காலணிதான் மேல் என்று தோன்றுகிறது.

ஏன் என்று சொல்கிறேன். இடது காலணியும் வலது காலணியும் ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பம். நீரில் மிதக்கும்போது காற்று மோதினால் ஒன்று ஒரு பக்கம் சாய்ந்து போகும், மற்றது எதிர்ப்பக்கம் சாயும். அதனால் சில கரைகளில் இடது காலணிகள் கூடுதலாகவும் வேறு சில கரைகளில் வலது காலணிகள் கூடுதலாகவும் ஒதுங்குவதைக் கவனித்திருக்கிறார்கள். நீரோட்டத்துக்கு இடது வலது கிடையாது. அப்படியானால் காலணி நமக்குச் சொல்வது நீரோட்டத்தை மட்டும் இல்லை. தன் உடம்பின் மீது காற்று செய்த வேலையையும் சேர்த்தே சொல்கிறது. நீருக்கு மேலே உப்பி மிதக்கும் வாத்து இந்தக் கலப்படத்தை இன்னும் அதிகமாகச் செய்யும்.

கடலில் மிதக்கும் எதைப் பின்தொடர்ந்தாலும் இந்தச் சிக்கல் கூடவே வரும். காற்றை எப்படிக் கழிப்பது? மிதவையின் பெரும்பகுதியை நீருக்குள் இறக்கிவிடுவதுதான் விடை. இன்று உலகக் கடல்களில் அலையும் ஆய்வு மிதவை, மேலே ஒரு பந்து, கீழே ஒரு நீண்ட கம்பி, அதன் நுனியில் ஒரு துணிக்குழாய் என்ற அமைப்புடையது. குழாயின் நடுப்பகுதி 15 மீட்டர் ஆழத்தில் இருக்கும். பக்கவாட்டில் வட்ட வட்டமாக ஓட்டைகள் உண்டு. ஆய்வாளர்கள் அதற்கு ஓட்டைக் காலுறை என்றே பெயர் வைத்துவிட்டார்கள். காலணியில் தொடங்கியது காலுறையில் வந்து நிற்கிறது, பாருங்கள். அந்தத் துணி நீரைப் பற்றிக்கொள்வதால் பந்து நீரோடு நகர்கிறது. நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் காற்று அடித்தாலும் அது நொடிக்கு ஒரு சென்டிமீட்டர்கூட வழுக்காது.

இதைக் கடலில் விடுவதற்குப் பெரிய வித்தை தேவையில்லை. அட்டையாலும் நீரில் கரையும் நாடாவாலும் கட்டிய பொட்டலத்தை, ஓடும் கப்பலின் பின்புறத்திலிருந்து தூக்கிப் போட்டால் போதும். கட்டு கரைந்து குழாய் தானே விரிந்து இறங்கும். பிறகு பந்து தன் இடத்தையும் கடல்நீரின் வெப்பநிலையையும் செயற்கைக்கோளுக்குச் சொல்லிக்கொண்டே போகும். இப்படிப்பட்ட மிதவைகள் 1,250 எப்போதும் உலகக் கடல்களில் இருக்க வேண்டும் என்பது திட்டம். 2005 செப்டம்பரில் அந்த எண்ணிக்கையை எட்டினார்கள். பாட்டில் தாள் தராத நடுப்பாதை முழுவதும் இப்போது கையில் இருக்கிறது.

பிரச்சினை தீர்ந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் மாதக்கணக்கில் அலை இழுத்து இழுத்துக் கம்பி அறுந்துவிடும். துணிக்குழாய் கழன்று மூழ்கும். பந்து மட்டும் எதுவும் நடக்காதது போலத் தகவல் அனுப்பிக்கொண்டே இருக்கும். அதைக் கண்டுபிடிக்கவும் அந்நாளில் ஓர் ஏற்பாடு இருந்தது. குழாய் தொங்கும்வரை அலையில் பந்து அடிக்கடி நீருக்குள் அமிழும், குழாய் போனபின் மேலேயே துள்ளும். பந்து எவ்வளவு நேரம் அமிழ்ந்திருக்கிறது என்று ஓர் உணரி கணக்கெடுத்துச் சொல்லும். அந்த உணரியின் பேச்சு பல மிதவைகளில் நம்பத்தக்கதாக இல்லை என்பது மிகத் தாமதமாகவே தெரிந்தது.

அதற்குள் விளைவு வந்துவிட்டது. பல ஆண்டுத் தரவுகளை அடுக்கிப் பார்த்தபோது சில கடல்களில் நீரோட்டம் ஆண்டுக்கு ஆண்டு வேகமெடுப்பது போலத் தெரிந்தது. அண்டார்க்டிகாவைச் சுற்றி ஓடும் பெரிய நீரோட்டமும் அவற்றுள் ஒன்று. அங்கே மேற்கிலிருந்து கிழக்கே பலத்த காற்று ஓயாமல் வீசும், நீரோட்டமும் கிழக்கே போகும். குழாய் இழந்த பந்துக்குக் காற்றின் வேகத்தில் சுமார் ஒரு விழுக்காடு கூடுதலாகக் கிடைக்கும். ஒரு விழுக்காடுதானே என்று தோன்றலாம். நொடிக்கு 10 மீட்டர் காற்றில் அது ஒரு நாளைக்கு எட்டு கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. குழாய் இல்லாத பந்துகளின் பங்கு தரவுகளில் ஏற ஏற, கடலே வேகம் பிடித்தது போன்ற தோற்றம் உண்டாயிற்று. 2011-இல் வெளியான ஆய்வு ஒன்று இதைப் போலிப் போக்கு என்று எடுத்துக்காட்டியது. பிறகு ஒவ்வொரு மிதவையின் நகர்வையும் அன்றன்று வீசிய காற்றோடு ஒப்பிட்டு, எந்த நாளிலிருந்து காற்றின் சொல்லைக் கூடுதலாகக் கேட்கத் தொடங்கியது என்று பார்த்து, குழாய் கழன்ற தேதியைத் திருத்தினார்கள். புதிய மிதவைகளில் கம்பியின் இழுவிசையையே அளக்கிறார்கள். இழுவிசை இல்லையென்றால் குழாய் இல்லை.

அப்படிப் பிரித்தெடுத்த, குழாய் இழந்த மிதவைகளின் பதிவுகளை யாரும் எறிந்துவிடவில்லை. கப்பலிலிருந்து சிந்திய பொருளோ கவிழ்ந்த படகோ துணிக்குழாய் கட்டிக்கொண்டு மிதப்பதில்லை. தேடுபவர்களுக்கு நீரும் காற்றும் சேர்ந்து இழுக்கும் பாதைதான் தேவை.

2014 மார்ச் 8 அன்று காணாமல் போன மலேசிய விமானம் எம்.எச்.370-இன் இறக்கைத் துண்டு ஒன்று 2015 ஜூலையில் இந்தியப் பெருங்கடலின் ரியூனியன் தீவில் ஒதுங்கியது. அது எங்கிருந்து புறப்பட்டிருக்கும் என்று பின்னோக்கிக் கணக்கிடும் வேலையை ஆஸ்திரேலிய அரசின் அறிவியல் ஆய்வு நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வின் ஆய்வாளர்கள் ஏற்றார்கள். குழாய் இழந்த மிதவைகளின் பழைய பதிவுகளை முதலில் எடுத்துக்கொண்டார்கள். பின்னர் அதே வகை விமானத்தின் இறக்கைத் துண்டு ஒன்றை வரவழைத்து, கிடைத்த துண்டு உடைந்திருந்த வடிவத்துக்கே வெட்டி, கடலில் மிதக்கவிட்டுப் பின்தொடர்ந்தார்கள். அது காற்று போன திசையில் போகவில்லை. அந்தக் காலணிகளைப் போலவே, தன் வடிவத்துக்கு ஏற்றபடி காற்றின் திசைக்கு இடப்புறமாகச் சாய்ந்து போயிற்று.