பதக்கம் இருக்கட்டும், லாக் புக் எங்கே?

அனைவருக்கும் வணக்கம். பழைய பதக்கங்களைச் சேர்ப்பவர்களும் இங்கே இருக்கிறீர்கள், போர் வரலாறு படிப்பவர்களும் இருக்கிறீர்கள். உங்கள் எல்லோருக்கும் பொதுவான ஒரு விஷயத்தைப் பேசத்தான் வந்திருக்கிறேன். இரண்டாம் உலகப் போரில் இறந்துபோன ஒரு ஜெர்மன் போர் விமானியின் உடைமைகள் ஏலத்துக்கு வருகின்றன. அதில் எதைப் பார்க்க வேண்டும்?

பெட்டியைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது இரும்புச் சிலுவை என்ற ஜெர்மன் வீரப் பதக்கம். பக்கத்தில் விமானி பேட்ஜ், போர்முனைப் பறப்புக்காகத் தந்த சட்டைப் பட்டை. அடியில் மடித்த காகிதங்கள் கொஞ்சம். விற்பவர் எடுத்துக் காட்டுவதும் வாங்குபவர் விலை கேட்பதும் பெரும்பாலும் உலோகத்துக்குத்தான். என்னைக் கேட்டால், அந்தக் காகிதங்கள் இல்லாத பெட்டியை மூடி வைத்துவிட்டு வந்துவிடலாம்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஜெர்மன் பதக்கத்தில் பெயர் கிடையாது. அந்தப் போரில் இந்திய ராணுவத்தினருக்குக் கொடுத்த பதக்கங்களில் பெயரும் எண்ணும் பொறித்திருக்கும். தேய்ந்துபோன பதக்கமானாலும் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். இரண்டாம் வகுப்பு இரும்புச் சிலுவையோ லட்சக்கணக்கில் வழங்கப்பட்டது. எல்லாம் ஒரே மாதிரி. கொடுத்த அன்று அணிந்ததோடு சரி, அப்புறம் நாடாவை மட்டும் சட்டைப் பொத்தான் துளையில் செருகிக்கொள்வார்கள். அதனால்தான் பல சிலுவைகள் இன்றும் புதுக் கருக்கு அழியாமல் கிடைக்கின்றன. யாருடையது என்று சொல்ல அதனுடன் வந்த விருதுச் சான்றிதழ் ஒன்றுதான் உண்டு. பெயர், பதவி, படைப்பிரிவு, தேதி, அதிகாரியின் கையெழுத்து, முத்திரை எல்லாம் அந்தத் தாளில்தான்.

இப்போது காகிதங்களுக்கு வருவோம். ஜெர்மன் படைவீரன் ஒவ்வொருவனுக்கும் இரண்டு ஏடுகள் உண்டு. சோல்ட்பூக் என்ற சம்பளப் புத்தகம் அவன் கையிலேயே இருக்கும். வேர்பாஸ் என்ற சேவை ஏடு படைப்பிரிவு அலுவலகத்தில் இருக்கும். வீரன் இறந்தால் வேர்பாஸை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கடலில் விழுந்து உடல்கூடக் கிடைக்காத விமானியின் வேர்பாஸ் இன்று நம் கைக்கு வருகிறதென்றால், அது அவன் தாயோ மனைவியோ பத்திரப்படுத்தி வைத்ததால்தான்.

இவை எல்லாவற்றையும் விட எனக்குப் பெரிது ஃப்ளூக்பூக், அதாவது லாக் புக். எந்தத் தேதி, எந்த விமானம், எங்கிருந்து எத்தனை மணிக்குக் கிளம்பினான், எப்போது இறங்கினான், எதற்காகப் பறந்தான் என்று ஒவ்வொரு பறப்பும் வரிசையாக இருக்கும். இதன் அருமை தெரிய வேண்டுமானால் ஒரு விஷயத்தை நினைவில் வையுங்கள்: போர் முடியும் நேரத்தில் ஜெர்மன் விமானப் படையான லுஃப்ட்வாஃபே தன் ஆவணங்களில் மிகப் பெரும் பகுதியைத் தானே அழித்துவிட்டது. ஒரு படைப்பிரிவின் ஒரு மாதத்து வேலையைத் தெரிந்துகொள்ள, ஏதோ ஒரு வீட்டு அலமாரியில் தப்பிப் பிழைத்த லாக் புக்கைத் தவிர வேறு வழியே இல்லாத இடங்கள் உண்டு. அதைப் போய் பதக்கத்திலிருந்து பிரித்து விற்கிறார்கள்! தனித்தனியாக விற்றால் கூடுதல் பணம். ஒரு முறை பிரிந்தால் மறுபடி ஒன்றுசேர்வது அநேகமாக நடக்காது. எனக்கு இந்த விஷயத்தில் சமாதானமே கிடையாது.

பொய்யைக் கண்டுபிடிக்கவும் லாக் புக்தான் கை கொடுக்கும். பறப்புப் பட்டை 1941 ஜனவரியில் வந்தது. 20 போர்ப் பறப்புக்கு வெண்கலம், 60-க்கு வெள்ளி, 110-க்குத் தங்கம். பெட்டியில் தங்கப் பட்டை இருக்கிறது, லாக் புக்கில் நாற்பது பறப்புதான் வருகிறது என்றால், யாரோ விலையை ஏற்றுவதற்காகப் பின்னால் சேர்த்திருக்கலாம். காகிதத்திலும் போலி உண்டு. 1950-களுக்குப் பிறகு பரவலான வெளுப்பூட்டிகள் கலந்த தாள், புற ஊதா விளக்கில் நீலமாகப் பளிச்சிடும். 1941 என்று தேதி போட்ட சான்றிதழ் அப்படி ஒளிர்ந்தால் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

எல்லோருக்கும் தெரிந்த ஒருவரை வைத்துச் சொல்கிறேன். ஹான்ஸ்-யோவாகிம் மார்செய். 1919-இல் பெர்லினில் பிறந்தவர். வட ஆப்பிரிக்காவில் 27-வது போர் விமானப் படைப்பிரிவில் மெஸ்ஸர்ஷ்மிட் 109 ஓட்டியவர். அவர் சுட்டு வீழ்த்தியதாகக் கணக்கு 158 விமானங்கள். அவற்றில் 151 அந்தப் பாலைவனத்தில். 1942 செப்டம்பர் 30 அன்று எகிப்தில் எஞ்சின் கோளாறாகி விமானி அறை முழுக்கப் புகை. வெளியே குதித்தபோது வால் பகுதி மார்பில் அடித்தது, பாராசூட் விரியவில்லை. வயது 22. யாரும் சுட்டு வீழ்த்தவில்லை. இரும்புச் சிலுவை வரிசையில் வைரம் பதித்த உயர் நிலை அவருக்கு அந்த செப்டம்பரில்தான் அறிவிக்கப்பட்டது. அது கைக்கு வருவதற்குள் இறந்துவிட்டார். ஆகவே அவர் அணிந்திருந்த வைரம் இது என்று யாராவது நீட்டினால், தேதிகளை வைத்தே மறுத்துவிடலாம். வெற்றிக் குறிகள் போட்ட அவருடைய விமானத்தின் சுக்கான் பெர்லின் கட்டோவ் ராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அந்தக் குறிகளைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு கோடும் ஒரு விமானம்; பலவற்றில் ஒரு மனிதன் செத்திருக்கிறான். தென்னாப்பிரிக்கன், ஆஸ்திரேலியன், ஆங்கிலேயன் என்று. 1942 செப்டம்பர் 1 ஒரே நாளில் மார்செய் 17 விமானங்களை வீழ்த்தியதாகச் சொன்னார். பிரிட்டிஷ் இழப்புப் பதிவுகளோடு ஒப்பிட்டு அதைப் பற்றி இன்றும் வாதம் நடக்கிறது. இப்படி ஒப்பிடாமல் ஒரு லாக் புக்கை வைத்திருப்பவர் பாதி வேலையைத்தான் செய்திருக்கிறார் என்பேன். தேதியையும் இடத்தையும் எடுத்துக்கொண்டு எதிர்த் தரப்பில் அன்று யார் திரும்பவில்லை என்று தேடுங்கள். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியல் யாரும் பார்க்கும்படி திறந்தே இருக்கிறது. கிடைக்கும் பெயரையும் அதே கோப்பில் எழுதி வையுங்கள்.

இந்த விமானிகள் பறந்தது ஹிட்லரின் ஆட்சிக்காக. மார்செய்யின் முகத்தை நாஜிப் பிரசாரம் எவ்வளவு பயன்படுத்தியது என்பதும் அவர் வரலாற்றில் சேர்ந்ததுதான். சிலுவையில் இருக்கும் ஸ்வஸ்திகா நம் வாசல் கோலத்து ஸ்வஸ்திகா அல்ல. ஜெர்மனியில் குற்றவியல் சட்டத்தின் 86ஏ பிரிவு அதைப் பொதுவில் காட்டுவதைத் தடை செய்கிறது. ஆராய்ச்சி, கல்வி போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு. 1957-இல் வந்த சட்டம், பழைய வீரர்கள் ஸ்வஸ்திகா நீக்கிய வடிவத்தில் மட்டும் பதக்கம் அணியலாம் என்றது. சேகரிப்பவர் இதைத் தெரிந்துகொண்டு சேகரிக்க வேண்டும். கண்ணாடிப் பெட்டியில் வைத்து வீரவணக்கம் செய்யும் பொருள் அல்ல இது.

ஆளைத் தேட வழி இருக்கிறது. 1939-இல் பெர்லினில் தொடங்கிய படைவீரர் தகவல் அலுவலகத்தின் ஆவணங்கள் 2019 முதல் ஜெர்மன் கூட்டாட்சி ஆவணக் காப்பகத்திடம் உள்ளன. போர்க் கல்லறைகளைப் பராமரிக்கும் ஃபோல்க்ஸ்பண்ட் அமைப்பின் இணையதளத்தில் பெயரைக் கொடுத்து அடக்க இடத்தைத் தேடலாம். இங்கிலாந்தில் விழுந்த பல விமானிகள் கேனக் சேஸ் கல்லறையில் இருக்கிறார்கள்.

கடைசியாக, விழுந்த இடத்தில் தோண்டி எடுத்த பொருட்கள். இதைப் பற்றி அடிக்கடி என்னிடம் கேட்கிறார்கள். பிரிட்டனில் 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி ராணுவ விமானம் விழுந்த இடத்தை அனுமதி இல்லாமல் தோண்டுவது குற்றம். ஜெர்மன் விமானத்துக்கும் அது பொருந்தும். ஜெர்மன் வீரனின் அடையாளத் தகடு, இரண்டாக உடைப்பதற்கு வசதியாக நடுவில் வரிசையாகத் துளையிட்ட நீள்வட்டம். இறந்தால் ஒரு பாதியை உடைத்து எடுத்துக்கொண்டு மறு பாதியை உடலோடு விட்டுவிடுவார்கள். முழுத் தகடு ஒன்று மண்ணோடு விற்பனைக்கு வந்தால், அதன் பின்னால் அடையாளம் காணப்படாத ஒருவர் இருக்கக்கூடும். அதை வாங்காதீர்கள். தகட்டில் இருக்கும் எண்ணையும் அது கிடைத்த இடத்தையும் எழுதி ஃபோல்க்ஸ்பண்டுக்கு அனுப்புங்கள்.