555 புத்தகமும் வராமல் போன நான்காவது கீமோவும்

வணக்கம் நேயர்களே. பினாங்கில் கீமோ பிரிவில் நெடுங்காலம் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். நோயாளிகளுக்கு நான் 'மிஸ்ஸி'. இன்று உங்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: கீமோ படுத்தும் பாட்டை மறைக்காதீர்கள். மறைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு, ஒருநாள் தாங்க முடியாமல் யாரிடமும் சொல்லாமல் சிகிச்சையையே விட்டுவிடாதீர்கள்.

பட்டர்வொர்த்திலிருந்து ஃபெர்ரி படகில் வருவார் ஓர் அக்கா. பெருங்குடல் புற்றுநோய். அறுவைச் சிகிச்சை முடிந்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்று 12 கீமோ. மூன்று முறை வந்தார். நான்காவதற்கு வரவில்லை. தொலைபேசியில் அழைத்தேன். "வேண்டாம் மிஸ்ஸி, நோய் கொல்லும் முன்னே இந்த மருந்து என்னைக் கொன்றுவிடும்" என்றார்.

என்ன நடந்தது தெரியுமா? மூன்றாவது கீமோவுக்கு மறுநாள் நல்ல வெயில். வாய்க்கு இதமாக இருக்கட்டும் என்று கணவர் ஆசையாக ஐஸ் போட்ட செண்டோல் வாங்கி வந்திருக்கிறார். ஒரு வாய்தான். ஐஸ் பட்டதும் யாரோ கழுத்தைப் பிடித்து இறுக்கியதுபோல் ஆகிவிட்டது. மூச்சு நின்றுவிடும் என்று பயந்து, விடியும்வரை சுவரில் சாய்ந்தபடியே உட்கார்ந்திருந்தாராம். பாவம் அந்தக் கணவர், தான்தான் ஏதோ செய்துவிட்டோம் என்று அழுதிருக்கிறார்.

அவருக்கு ஏற்றிய மருந்துகளில் ஒன்று ஆக்சாலிபிளாட்டின். குளிர் பட்டால் நரம்பைச் சீண்டிவிடுவது அதன் குணம். குளிர்பெட்டியிலிருந்து மீனை எடுத்தால்கூட விரல் நுனியில் மின்சாரம் பாய்ந்ததுபோல் சுரீரென்கும். தொண்டையிலும் அதே கதைதான். மூச்சு அடைப்பதுபோல் தோன்றியதே தவிர, மூச்சுக்குழாய் அடைபடவில்லை. மருந்து ஏறிய பிறகு சில நாட்கள் வெதுவெதுப்பான தண்ணீராகக் குடித்திருந்தால் அந்த இரவே வந்திருக்காது.

இதை அவரிடம் முன்பே சொன்னோமா? சொன்னோம். மலாய் மொழியில், அவசர அவசரமாக, ஒரு தாளைக் கையில் திணித்து. பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்லவில்லை. அது எங்கள் தவறு. இன்றும் என் மனத்தை உறுத்துகிறது.

அக்கா திரும்பி வந்தார். வரும்போது கையில் ஒரு 555 புத்தகம்! மளிகைக் கடையில் கடன் எழுதுவார்களே, அதேதான். நான்தான் வாங்கச் சொல்லியிருந்தேன். "செவ்வாய், வாந்தி 4 தடவை. கஞ்சி அரைக் கிண்ணம். புதன், சட்டைப் பொத்தான் போட முடியவில்லை, மகள் போட்டுவிட்டாள்." இப்படி எழுதியிருந்தார். பொத்தான் பற்றிய அந்த வரி பக்கத்துக்குப் பக்கம் தொடர்வதைப் பார்த்துத்தான், விரல் நரம்பு பாதிக்கப்படுகிறது என்று மருத்துவர் ஆக்சாலிபிளாட்டின் அளவைக் குறைத்தார். பிறகு அந்த ஒரு மருந்தை மட்டும் நிறுத்திவிட்டு மற்றவற்றைத் தொடர்ந்தார். சொன்னால் சிகிச்சையையே நிறுத்திவிடுவார்களோ என்று பலர் வாய் திறப்பதில்லை. அளவைக் குறைக்கலாம், ஒரு வாரம் தள்ளிப் போடலாம், மருந்தை மாற்றலாம். வழி உண்டு, நேயர்களே. ஆனால் சொன்னால்தான் உண்டு.

வாந்தியும் அப்படித்தான். ஒரு மாத்திரைக்கு வாந்தி நிற்கவில்லையா, வேறு வகைகள் இருக்கின்றன. குமட்டல் வந்தபின் தேடாமல், சொல்லிக் கொடுத்த நேரத்திலேயே போட்டுக்கொள்ளுங்கள். சிலருக்கு மருத்துவமனை வாசலின் வாடை பட்டாலே வாந்தி வரும். அதைச் சொல்ல வெட்கப்படுவார்கள். அது மனப்பிரமை அல்ல. முந்தைய வேதனையை உடம்பு நினைவில் வைத்திருக்கிறது. அதற்கும் மருந்து உண்டு. வாய்ப்புண்ணுக்கு உப்பும் சமையல் சோடாவும் கலந்த வெதுவெதுப்பான நீரால் கொப்பளியுங்கள். பெலாலாய் காஜா இலைச்சாறு, நாட்டு மருந்து எது குடித்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள். உங்களைத் திட்டுவதற்காகக் கேட்பதில்லை.

பயத்தைப் பற்றி இன்னும் பேச நினைத்தேன். நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். இதை மட்டும் சொல்லிவிடுகிறேன். கீமோ முடிந்து ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள்வரை, கிருமிகளோடு போராடும் வெள்ளணுக்கள் பொதுவாக மிகவும் குறைந்திருக்கும். எந்த நாளானாலும் காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டால், காய்ச்சல் மாத்திரை பனடோலைப் போட்டுக்கொண்டு விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். நள்ளிரவானாலும் அவசரப் பிரிவுக்குப் போங்கள். போனதும் முதல் வார்த்தையாக, "நான் கீமோ நோயாளி" என்று சொல்லுங்கள். வணக்கம்.