சாவி யாரிடம் இருக்கிறது?

(கடலோர ஊர்களின் பேரிடர்த் தயாரிப்பு குறித்த கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். முன்வரிசையில் ஊர்ப் பஞ்சாயத்தார் இருக்கிறீர்கள். மீன் கூடையை வாசலில் வைத்துவிட்டு வந்த அக்காமார் பின்னால் இருக்கிறீர்கள். வாடைக்காற்று எப்போது திரும்பும், நீவாடு எந்தப் பக்கம் இழுக்கும் என்று உங்களுக்குச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. நான் பேச வந்தது கரையில், புயல் பாதுகாப்பு மையத்தின் கதவில் தொங்கும் ஒரு பூட்டைப் பற்றி.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. சுமத்ராவை ஒட்டிக் கடலடியில் நிலம் அதிர்ந்தபோது நம் நேரம் காலை 6.29. அலை நம் கரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. இரண்டு மணி நேரம்! குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மெதுவாக நடந்தால்கூடத் தப்பியிருக்கலாம். சொல்ல ஆளில்லை. நாகை மாவட்டத்தில் மட்டும் சுமார் ஆறாயிரம் பேரை இழந்தோம்.

அதே காலையில் புதுச்சேரி நல்லவாட்டில் வேறொன்று நடந்தது. சிங்கப்பூரில் வேலை பார்த்த அந்த ஊர்க்காரர் ஒருவர், செய்தி கேட்டதும் வீட்டுக்குப் போன் போட்டார். பேசிக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் ஊருக்குள் வருகிறது என்றார்கள். எல்லோரையும் ஓடச் சொல்லுங்கள் என்றார் அவர். ஊரில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்த தகவல் மையம் இருந்தது, அதில் ஒலிபெருக்கியும் இருந்தது. ஆனால் மையம் பூட்டியிருந்தது. ஆட்கள் கதவை உடைத்து உள்ளே போய் மைக்கில் கத்தினார்கள். 3,600க்கும் மேற்பட்டோர் வசித்த ஊர். வீடுகள் போயின, படகுகள் போயின, ஓர் உயிர்கூடப் போகவில்லை.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் அந்தப் போனைப் பற்றித்தான் பேசுவார்கள். எனக்கு அந்த மைக்தான் முக்கியம். அந்த வட்டாரத்துத் தகவல் மையங்களில் இன்றைக்கு அலை எவ்வளவு உயரம், கடலுக்குப் போகலாமா என்றெல்லாம் இணையத்தில் பார்த்து ஒலிபெருக்கியில் சொல்வார்கள். தினமும் கேட்டுப் பழகிய குரல், தினமும் சரியாகச் சொன்ன குரல். அதனால்தான் அன்று "ஓடுங்கள்" என்றதும் யாரும் நின்று காரணம் கேட்கவில்லை. சுனாமிக்கென்றே ஒரு சைரனை வாங்கிக் கம்பத்தில் மாட்டி வைத்திருந்தால், பதினைந்து வருடத்தில் அதில் காக்கை கூடு கட்டியிருக்கும்.

ஓக்கி புயல் வந்தது 2017 நவம்பர் கடைசியில். கன்னியாகுமரிப் பக்கத்துத் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பிள்ளைகள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் தங்கல் தொழிலுக்குப் போய் நாட்கணக்காகி இருந்தது. கரையில் எச்சரிக்கை சொன்னார்கள். அவ்வளவு தூரத்துக்கு வயர்லெஸ் எட்டாது. அப்புறம்தான் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி வாங்கும் கருவிகள் வந்தன. ஹைதராபாத்தில் இருந்து கடல் நிலவரம் சொல்லும் இன்காய்ஸ் என்ற அரசு மையத்தின் ஜெமினி கருவி அதில் ஒன்று. அது புயல் எச்சரிக்கையோடு, மீன் அதிகம் கிடைக்கக்கூடிய இடத்தையும் காட்டும். இதை யோசித்தவர் யாரோ, கெட்டிக்காரர். புயலுக்காக மட்டும் ஒரு பெட்டியைக் கொடுத்தால் அது படகின் முன்பக்கம் அணியத்தில் மூலையில் கிடக்கும். மீன் காட்டும் பெட்டியைத் தம்பிமார் தினமும் சார்ஜ் போடுவார்கள்.

அக்காமாருக்கு ஒன்று. சுனாமியில் கடலூர் பக்கம் ஆண்களைவிடப் பெண்கள் ஏறக்குறைய மூன்று மடங்கு செத்தார்கள் என்று அப்போது கணக்கெடுத்தார்கள். ஆம்பிளைகள் கடலில் இருந்தார்கள். ஆழத்தில் அந்த அலை படகை லேசாகத் தூக்கி இறக்கியதோடு சரி. மீன் வாங்கக் கரையில் நின்றது நீங்கள். வங்கதேசத்தில் 1991 புயலில் சுமார் 1,38,000 பேர் இறந்தபோதும் பெண்கள்தான் அதிகம். புருஷன் வரட்டும் என்று காத்திருந்தவர்கள் உண்டு, முன்பின் தெரியாத ஆண்கள் நடுவே புயல் பாதுகாப்பு மையத்தில் எப்படிப் படுப்பது என்று தயங்கியவர்களும் உண்டு. அங்கே 1972இலேயே தொண்டர் படை ஒன்றை அமைத்து, மெகாபோனையும் கொடியையும் ஊர்க்காரர்கள் கையிலேயே கொடுத்தார்கள். பின்னால் பெண்களையும் நிறையச் சேர்த்தார்கள். வீட்டு வாசலில் வந்து கூப்பிடுவது பக்கத்து வீட்டு அக்கா என்றால் கிளம்புவது வேறு மாதிரி. நம் ஊர்க் கமிட்டிகளில் எத்தனை பெண்கள்? பஞ்சாயத்தார் கோபித்துக்கொள்ளக் கூடாது.

சரி, பூட்டுக்கு வருகிறேன். இரண்டு வருடம் முன்பு ஒரு கடற்கரை ஊருக்குப் போனேன், ஊர் பெயர் வேண்டாம். புயல் பாதுகாப்பு மையம் ஜோராக நின்றது, மேலே ஏற அகலப் படிக்கட்டு, கீழே தூண்கள். கதவில் கை அகலப் பூட்டு. சாவி ஒருவரிடம் இருந்தது, அவர் பக்கத்து ஊர்க் கல்யாணத்துக்குப் போயிருந்தார். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். யாரோ அடுக்கிய பந்தல் நாற்காலிகள், கெட்டியாகிப்போன சிமெண்ட் மூட்டைகள். கழிப்பறைக்குத் தண்ணீர்க் குழாயே போகவில்லை. திண்ணையில் ஆடு படுத்திருந்தது. அந்தக் கட்டடத்தை நாள்தவறாமல் பயன்படுத்தியது அந்த ஆடு மட்டும்தான்.

ஒடிசாவில் 1999 புயலில் சுமார் பத்தாயிரம் பேரை இழந்த பிறகு கட்டிய மையங்கள் பலவற்றில் பள்ளிக்கூடம் நடக்கிறது. பிள்ளைகள் வருவதால் கதவு திறக்கும், விளக்கு எரியும், குழாயில் தண்ணீர் வராவிட்டால் டீச்சர் சத்தம் போடுவார். 2013இல் பைலின் வந்தபோது பத்து லட்சம் பேர்வரை வெளியேற்றினார்கள், சாவு ஐம்பதை ஒட்டி நின்றது. அதற்கு வானிலைத் துறை, அதிகாரிகள், பேருந்துகள் எல்லாம் காரணம்தான். ஆனால் போய்ச் சேர்ந்த இடத்தில் கதவு திறந்திருக்க வேண்டுமே.

உங்கள் ஊர் மையத்தில் பால்வாடி நடத்தலாம், சுயஉதவிக் குழுக் கூட்டம் போடலாம், வலை பின்னக்கூட உட்காரலாம். எதுவானாலும் தினம் நடக்கட்டும். இப்போது டீ வருகிறது. குடித்து முடிப்பதற்குள் ஒவ்வோர் ஊரிலிருந்தும் ஒருவர் எழுந்து, உங்கள் மையத்துச் சாவி இந்த நிமிடம் யாரிடம் இருக்கிறது என்று சொல்லுங்கள். தெரியவில்லை என்றால் அங்கேயே ஒரு போன் போட்டுக் கேளுங்கள். நான் எழுதிக்கொள்கிறேன்.